பயில்வானின் புஜம் சான்றாகுமா?



ஆறு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் கைபேசியும் கையுமாக என் வீட்டுக்கு வந்தான். திரையில், சட்டை அணியாத ஓர் இளைஞர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். 'இருபத்தொரு நாளில் சிக்ஸ் பேக்! கருவி வேண்டாம், செலவு வேண்டாம்!' என்ற எழுத்துகள் மேலே மின்னின. "சார், இவர் சொல்கிறபடி செய்யலாமா?" என்று கேட்டான்.

"அது இருக்கட்டும், இவரை நீ ஏன் நம்புகிறாய்?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அவர் உடம்பைப் பாருங்க சார்!"

இந்தப் பதில் அவன் ஒருவனுடையதன்று. உங்களில் பலர் இதையே சொல்வீர்கள். உங்கள் வயதில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பயிற்சியாளரின் உடம்பு ஒரு சான்று என்றால், அது எதற்குச் சான்று?

உடம்பைக் காட்டிப் பாடம் விற்கும் வழக்கம் கைபேசியோடு பிறந்ததன்று. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ, 1889-இல் லண்டன் மேடையில் இன்னொரு பயில்வானைத் தோற்கடித்துப் புகழ் பெற்றார். பிறகு அஞ்சல்வழியே பயிற்சி அளித்தார், புத்தகம் எழுதினார், சுருள்வில் பொருத்திய டம்பெல் விற்றார், தம் பெயரில் கோகோப் பொடியும் விற்றார். 1905-இல் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய பெயர் நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டது என்பதற்குப் படத்தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரும், இன்றும் கடையில் நாம் கேட்டு வாங்கும் 'சாண்டோ பனியனும்' சாட்சி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாண்டோவின் புஜம் 1889-லேயே பருத்திருந்தது. சுருள்வில் டம்பெல் விற்பனைக்கு வந்ததோ அதற்குப் பிற்பாடு. அந்த டம்பெல்லா அந்தப் புஜத்தை உண்டாக்கியிருக்க முடியும்?

இந்தக் கேள்வியை நான் உரிய காலத்தில் கேட்கவில்லை. மாணவப் பருவத்தில் ஒரு வார இதழின் பின்பக்க விளம்பரத்தைப் பார்த்து, வீட்டில் கெஞ்சிப் பணம் வாங்கி, வி.பி.பி.யில் மார்பு விரிக்கும் சுருள்வில் கருவி ஒன்றை வரவழைத்தேன். மூன்றாம் நாள் ஒரு வில் கழன்று என் தாடையைப் பதம் பார்த்தது. கருவி பரண் மேல் போயிற்று. விளம்பரத்தில் இருந்த மனிதர் அதை ஒரு நாளாவது இழுத்துப் பார்த்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு வெகு காலம் கழித்தே வந்தது.

சரி, ஒருவருடைய தசை பருமனாக இருப்பதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? பரம்பரை ஒன்று. ஒரே பயிற்சியைச் செய்யும் இருவருக்கு ஒரே அளவில் தசை வளர்வதில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்த உழைப்பு இன்னொன்று. பத்தாண்டுப் பயிற்சியால் வந்த உடம்பை நிற்க வைத்து, 'இருபத்தொரு நாள்' என்று எழுதிவிடலாம். மூன்றாவது காரணம் சற்றுக் கசப்பானது: மருந்து.

1996-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். நாற்பத்து மூன்று ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுக்களுக்கு வாரந்தோறும் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. மற்ற இரு குழுக்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஒவ்வொரு வகையிலும் ஒரு குழு எடை தூக்கிப் பயிற்சி செய்தது. மற்றொரு குழு செய்யவில்லை. பத்து வாரம் கழித்து, கொழுப்பு நீங்கலான உடல் எடையை அளந்தார்கள். வெறும் ஊசி போட்டுக்கொண்டு வியர்வை சிந்தியவர்களுக்குக் கூடியது ஏறக்குறைய 2 கிலோ. மருந்து ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல்! இரண்டையும் செய்தவர்களுக்கு 6 கிலோ.

இதன் பொருள் என்ன? ஒருவருடைய புஜத்தை மட்டும் பார்த்து, அது உழைப்பால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அமெரிக்காவில் 'லிவர் கிங்' என்ற பெயரில் ஒருவர், பச்சை ஈரலைத் தின்று ஆதி மனிதனைப் போல் வாழ்வதால்தான் தமக்கு இந்த உடம்பு வந்தது என்று சொல்லி இலட்சக்கணக்கானோரைத் தம் பின்னால் இழுத்தார். ஈரல் மாத்திரைகளும் விற்றார். 2022-ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய மின்னஞ்சல்கள் வெளிவந்தன. தாம் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் வயதில் இது வேடிக்கையான செய்தி அன்று. வளரும் பருவத்தில் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கும். நீங்கள் உயரமாவது அதனால்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு செலுத்தினால் அந்தத் தட்டு உரிய காலத்துக்கு முன்பே எலும்பாக மூடிவிடக்கூடும். பிறகு எந்தப் பயில்வான் வந்தாலும் அதைத் திறக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. டியூட்டோரியல் நிலையங்களின் வாசலில் முதல் மதிப்பெண் பெற்றவர்களின் படங்கள் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே படித்துத் தேறாமல் போனவர்களின் படத்தை எந்தச் சுவரிலாவது கண்டதுண்டா? 'முன்பு', 'பின்பு' என்று போடும் இரட்டைப் படங்களும் அப்படித்தான். ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குப் பலித்தது என்பது அந்தப் படத்தில் இராது. போதாக்குறைக்கு, 'முன்பு' படத்தில் வயிற்றைத் தளர்த்தி மங்கிய வெளிச்சத்திலும், 'பின்பு' படத்தில் மூச்சை இழுத்துப் பக்கவாட்டு வெளிச்சத்திலும் நின்றால் ஒரே நாளில்கூட இரண்டு படங்களையும் எடுத்துவிடலாம். கண்ணாடி முன் நின்று நீங்களே செய்து பாருங்கள்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு, ஆள் சொல்லும் செய்தியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உங்களுக்கு அதற்கான கருவி இருக்கிறது. பள்ளியில் படிக்கும் கணக்கும் அறிவியலும்தாம் அவை.

'பத்து நாளில் பத்துக் கிலோ குறையும்' என்று ஒருவர் சொல்கிறார். பென்சிலை எடுங்கள். உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 77,000. பத்து நாளில் என்றால், நாளொன்றுக்கு 7,700 பற்றாக்குறை வேண்டும். உங்கள் வயதுடைய ஒருவர் நாள் முழுவதும் உண்பதே சுமார் 2,500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருக்கைகூடத் தின்னாவிட்டாலும் இன்னும் 5,200 மிச்சம். ஓடினால், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். ஐம்பது கிலோ எடையுள்ளவர் 104 கிலோமீட்டர் ஓட வேண்டும்! சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பி வருவது போல; அதுவும் பட்டினியாக, பத்து நாளும்.

"ஆனால் என் அக்காவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததே!" என்று ஒரு குரல் கேட்கிறது. குறைந்திருக்கும். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வயது வந்தவர்களிடம் ஏறக்குறைய அரைக் கிலோ கிளைகோஜன் சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். சோற்றையும் இட்லியையும் திடீரென்று நிறுத்தினால் கிளைகோஜன் தீரும், நீரும் வெளியேறும். எடைமெஷின் முள் இறங்கும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

'இந்த ஆசனத்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும்' என்பது மற்றொரு வாக்கு. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் மட்டையைச் சுழற்றுகிறார்கள். அந்தக் கையில் தசை அதிகம். தோலுக்கடியில் உள்ள கொழுப்பும் அந்தக் கையில் குறைவாக இருக்க வேண்டுமல்லவா? 1971-இல் அளந்து பார்த்தார்கள். இரு கைகளிலும் வேறுபாடு இல்லை. கொழுப்பு இரத்தத்தின் வழியே உடல் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பக்கத்துத் தசை கேட்டதென்று பக்கத்துக் கொழுப்பு மட்டும் கரைந்து வருவதில்லை.

இப்படிச் சொல்வதால், கைபேசிப் பயிற்சியாளர் எல்லாரையும் ஒதுக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. மைதானம் இருந்தும் மாணவிகள் இறங்க முடியாத ஊர்கள் இருக்கின்றன. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் சரியான முறையில் பஸ்கி போடக் கற்றுக்கொள்ள முடிகிறதென்றால் அது நல்லதே. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த அறுபது நிமிடத்தில் உங்களை எழுந்து நிற்க வைக்கிற எவரும் ஒரு வகையில் நன்மையே செய்கிறார்.

ஆனால் அவர் பேச்சில் சிலவற்றைக் காது கொடுத்துத் தேடுங்கள். 'முழங்கால் வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்' என்று சொல்கிறாரா? எளிதான படியிலிருந்து தொடங்குகிறாரா? தாம் முன்பு சொன்னது தவறு என்று எப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன். மாணவிகளே, 'ஒரு வேளை மட்டும் சாப்பிடு' என்று சொல்லும் மெல்லிடை அழகியைக் கண்டால் உடனே விலகிவிடுங்கள். வளரும் வயதில் உணவு மிகக் குறைந்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பும் வலுவிழக்கும்.

பேச்சின் முடிவில் ஒரு டப்பா வருகிறதா என்றும் பாருங்கள். 2024-இல் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளை ஆய்ந்தபோது, பத்தில் ஏழு டப்பாக்களில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதே ஆண்டு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பை வளர்க்கப் புரதப் பொடி வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. பருப்பு, முட்டை, மீன், சுண்டல், தயிர் எல்லாம் எங்கே போயின?

எவ்வளவு நல்லவரானாலும் திரைக்குள் இருப்பவரால் முடியாத ஒன்று உண்டு: அவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் முதுகு வளைவதும் முகம் வெளுப்பதும் அவர் கண்ணில் படாது. 'இன்னும் ஐம்பது! விடாதே!' என்று பதிவு செய்யப்பட்ட குரல் கத்திக்கொண்டே இருக்கும். பழக்கமில்லாத உடம்பு அளவு மீறி உழைத்தால் தசைநார்கள் சிதைந்து மயோகுளோபின் என்ற பொருள் இரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். 1941-இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கடியில் நசுங்கி மீண்டவர்களின் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் விவரித்தார்கள். அங்கும் சிதைந்தது தசைதான். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி வலித்து, சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால், வீட்டில் மறைக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த மாணவனிடம் இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லவில்லை, ஓடிப்போயிருப்பான். 104 கிலோமீட்டர்க் கணக்கை மட்டும் போட வைத்தேன். பிறகு அவனே தேடி, மெதுவாகப் பேசும் ஓர் உடலியக்க மருத்துவப் பெண்மணியின் பயிற்சிகளைப் பிடித்தான். வாரம் மூன்று நாள். ஒரு பழைய நோட்டில் தேதி போட்டுத் தண்டால் எண்ணிக்கையை எழுதி வந்தான். முதல் நாள் 7. எட்டாம் வாரம் 19. முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் தசை பருத்ததால் அன்று, நரம்புகள் தசையை ஒன்றுசேர்த்து இயக்கப் பழகியதால் வருவது என்று அவனுக்கு விளக்கினேன்.

"அதெல்லாம் சரி சார், சிக்ஸ் பேக் மட்டும் இன்னும் வரலை" என்று சிரித்தான். அந்தப் பழைய பயில்வான் என்ன ஆனார் என்று கேட்டேன். இப்போது பதினான்கே நாள் போதும் என்கிறாராம்.