ஓர் ஏரியின் பன்னிரண்டு மாதங்கள்

ஏரிக்கரையில் கழுத்தைச் சுருக்கி அமர்ந்திருக்கும் மடையானைப் பார்க்காதவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அரியர். குளத்துக் கொக்கு, குருட்டுக் கொக்கு என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. சேற்றின் நிறத்தில் பழுப்புக் கோடுகளுடன் அசையாது நிற்கும் அப்பறவை, ஆளரவம் கேட்டு எழும்போதுதான் தன் வெள்ளைச் சிறகுகளைக் காட்டும். இனப்பெருக்கக் காலம் வந்தால் அதன் முதுகு கருஞ்சிவப்பாகும். தலையிலிருந்து மெல்லிய நீண்ட இறகுகள் தொங்கும். ஆண்டில் ஒருமுறை மட்டும் ஏரிக்குச் சென்று படம் எடுப்பவர், இரண்டும் வெவ்வேறு பறவைகள் என்றே கருதக்கூடும்.

ஒளிப்படக் கருவி இன்று அரிய பொருளன்று. கைப்பேசி வைத்திருப்போர் அனைவரிடமும் ஒரு கருவி இருக்கிறது. தொலைவிலுள்ளதை அருகே இழுத்துக் காட்டும் வில்லைகளும் முன்னைவிடப் பலருக்குக் கிடைக்கின்றன. அரிய பறவை ஒன்று ஓரிடத்தில் தென்பட்டது என்ற செய்தி பரவினால், விடிவதற்குள் அங்கே வண்டிகள் நிற்கின்றன. படம் கிடைத்தவுடன் கூட்டம் கலைகிறது. அந்த இடத்தில் அடுத்த மாதம் என்ன நிகழ்ந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். அரியதைத் தேடி ஓடும் இவ்வேட்கையைவிட, ஊர் ஏரி ஒன்றை ஆண்டு முழுவதும் படம்பிடிக்கும் பொறுமையே இன்று நாட்டுக்குத் தேவை.

தமிழர்க்கு இப்பொறுமை புதிதன்று. ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தவர்கள் அவர்கள். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது விலங்கோடும் மரத்தோடும் புள்ளையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலம், பொழுது, உயிர் மூன்றையும் பிரிக்காமல் பார்த்த அப்பார்வைக்குக் கருவி ஒன்று கிடைத்தால் அது எவ்வாறு இயங்கும் என்பதே இங்கு எழும் கேள்வி.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டியில் இதற்கு விடை தேடலாம். ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 1999ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 200 வகைப் பறவைகள் அங்குப் பதிவாகியுள்ளன. எனினும் அது மனிதர் நுழையாத காட்டு ஏரியன்று. சுற்றுப்புற உழவர்கள் அதன் நீரைக் கொண்டு நெல்லும் கரும்பும் விளைவிக்கிறார்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அதை அடைகிறது. எங்கோ மலையில் பெய்த மழையும், அணையில் திறந்த மதகும், வாய்க்காலின் நிலையும் சேர்ந்தே அந்த ஆண்டின் பறவைகளை முடிவு செய்கின்றன.

புரட்டாசி, ஐப்பசியில் தகைவிலான்களும் வாலாட்டிகளும் வந்து சேரும். நீர் பரவியபின் வாத்துகள் இறங்கும். அவற்றுள் பட்டைத்தலை வாத்து தனிச் சிறப்புடையது. திபெத், மங்கோலியா போன்ற உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, காவிரிப் பாசன ஏரி ஒன்றில் பனிக்காலத்தைக் கழிக்க வருகிறது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை ஆகியவையும் இக்காலத்தில் கூடும். பங்குனி முடிவதற்குள் வலசை வந்தவற்றுள் பெரும்பாலானவை திரும்பிவிடும். அத்துடன் ஒளிப்படக்காரர்களின் வருகையும் குறைந்துவிடும்!

உண்மையில் வேனிற்காலத்து ஏரியிலும் பார்க்க வேண்டியவை நிறைய உள்ளன. நீர் வற்ற வற்றச் சேற்றோரம் அகலும். எஞ்சிய குட்டைகளில் மீன் தேடிக் கொக்குகள் நெருங்கி நிற்கும். மண்கரைகளில் வளை தோண்டிப் பச்சைப் பஞ்சுருட்டான் முட்டையிடும். வேலியில் அமர்ந்த ஆண் ஓணானின் தொண்டை சிவக்கும். மரக்கிளையில் குயில் கூவ, காகங்கள் அதைத் துரத்தும். மழை தொடங்கினால் தூக்கணாங்குருவியின் ஆண் பொன்மஞ்சளாகி, ஈச்சையிலும் பனையிலும் பாதி முடைந்த கூட்டைப் பிடித்துத் தொங்கியபடி பெண்ணை அழைக்கும். இவற்றுள் எதுவும் அரிதன்று. அரிதல்லாதவை குறையும்போது அதை முதலில் அறிபவர் யார் என்பதே கவலைக்குரியது. சாதாரணப் பறவை ஒன்று ஓர் ஊரிலிருந்து மறைவது செய்தியாவதில்லை.

இவ்விடத்தில் அமெரிக்க எழுத்தாளர் தோரோவை நினைப்பது பொருந்தும். 1850களில் அவர் தம் ஊரான கன்கார்டில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று குறித்து வந்தார். அன்று அது ஒருவரின் ஆர்வம் மட்டுமே. ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் அறிவியலாளர்கள் அக்குறிப்புகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, பல செடிகள் முன்னதாகவே பூப்பதைக் கண்டறிந்தார்கள். வெப்பநிலை உயர்வுக்கு அது சான்றாயிற்று. நாளும் இடமும் குறித்த ஒளிப்படம் அத்தகைய குறிப்பைவிட ஒருபடி மேலானது. குறித்தவர் தவறாக அடையாளம் கண்டிருந்தாலும் பிறர் பார்த்துத் திருத்த முடியும்.

தமிழகத்தில் இத்துறைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் பிடித்தார். பல கருவிகளின் பகுதிகளைத் தாமே இணைத்து அமைத்த பருத்த கருவியையே அவர் தூக்கிச் சென்றார். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி அவர் மறையும்வரை வெளிவந்தது. யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுச் சுற்றுப்புறத்துக் காகத்தையும் அணிலையும் பற்றி எழுத அவரால் முடிந்தது. அவருடைய கருவியைவிட இக்குணமே பின்பற்றத்தக்கது.

ஒளிப்படம் உயிருக்குத் தீங்கும் செய்யும் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பறவை ஒளிப்படக் கலையின் தொடக்கமே கூட்டில்தான் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் கியர்ட்டன் உடன்பிறப்புகள் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக்கூட்டைப் படம் எடுத்தார்கள். பின்னர், பதப்படுத்திய மாட்டுத்தோலைச் சட்டத்தில் போர்த்தி, அப்பொய்ம்மாட்டின் வயிற்றுக்குள் நின்றும் பறவைகளைப் படம்பிடித்தார்கள். அன்றைய கருவி பருத்தது. வில்லையோ தொலைவுக்கு எட்டாதது. பறவை திரும்பி வருமென்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரே இடம் கூடு. ஆதலால் அவர்கள் அங்கே காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. தொலைவில் இருந்தே இறகின் வரியைக் காட்டும் வில்லைகள் வந்துவிட்ட இக்காலத்தில் அக்காரணம் நிற்காது.

ஆள்காட்டியின் கூட்டை எடுத்துக்கொள்வோம். அதைக் கூடு என்பதும் மிகை. கல்லும் மண்ணும் கலந்த வெற்றுத்தரையில் ஒரு சிறு குழி. கூழாங்கல் போன்ற முட்டைகளைக் கோடைவெயிலில் அங்கே இடும். அடைகாத்தல் என்றால் சூடேற்றல் என்று நாம் நினைக்கிறோம். சித்திரை வெயிலில் ஆள்காட்டி செய்வது முட்டைகளுக்கு நிழல் தருவது. நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து அவற்றைக் குளிர்விப்பதும் உண்டு. ஒளிப்படக்காரர் அருகில் நிற்கும்வரை பறவை கத்திக்கொண்டே சுற்றிப் பறக்கும், முட்டையின்மேல் அமராது. சுடுகல்லின்மேல் முட்டைகள் காய்ந்து கிடக்கும் அந்த அரைமணி நேரம் படத்தில் தெரிவதில்லை. சினத்துடன் சிறகு விரித்த அழகிய பறவை மட்டுமே தெரியும். அதற்குப் பாராட்டும் கிடைக்கும்.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளுக்குச் சேதம் விளைவிப்பதோடு முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி ஏந்தாதவரும் வேட்டையாடியவராக முடியும் என்பதைப் படம் எடுக்கச் செல்வோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதும், இரை வைத்து ஈர்ப்பதும், மறைக்கும் கிளையை ஒடித்து வெளிச்சம் விடுவதும் இதனோடு உறவுடைய செயல்களே. குரலைக் கேட்டு எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று பறவை பதறி வருகிறது. அந்நேரம் அது இரை தேடவில்லை, குஞ்சைக் காக்கவில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று கூறப்படுவதுண்டு. படங்களைப் பார்த்துத்தான் மக்கள் பறவைகளை நேசிக்கத் தொடங்குகிறார்கள். கட்டுப்பாடுகளை அடுக்கினால் இளையோர் விலகிவிடுவார்கள் என்பது அது. அதன் முதற்பாதி உண்மை. சிவகங்கை மாவட்டத்தின் பொத்தகுடியில் 2020ஆம் ஆண்டில் தெருவிளக்கின் மின்பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. அதைக் கண்ட இளைஞர் ஒருவர் எடுத்த படம் கைப்பேசி வழியே ஊரார்க்குச் சென்றது. குஞ்சுகள் பறக்கும்வரை விளக்கைப் போடுவதில்லை என்று ஊர் முடிவு செய்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் ஒரு மாதத்துக்கும் மேலாக எரியவில்லை. அதே மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகிறார்கள். படம் மக்களை அசைக்கும் என்பதைப் பொத்தகுடி காட்டியது. ஆனால் அங்கே படம் ஊரைக் கூட்டிற்கு இழுக்கவில்லை. கூட்டைவிட்டு விலக வைத்தது. மறுப்பின் பிற்பாதிக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

செந்துறைப் பக்கத்து ஆலத்தியூர் போன்ற ஓர் ஊரில் இப்பணி இன்னும் கூர்மையான பொருள் பெறுகிறது. சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலம் அது. கற்பனைக்கெட்டாத பழங்காலத்தில் கடலடியில் கிடந்த வட்டாரம். சிமெண்ட் ஆலையும் சுரங்கமும் அவ்வூரின் நிலத்தோற்றத்தை மாற்றியிருக்கின்றன. சுரங்கத்துக்காகப் புதர்க்காடு அழியும் இடத்தில் கௌதாரிக்கும் கீரிக்கும் உடும்புக்கும் இடமில்லை. தோண்டி முடித்த குழியில் மழைநீர் தேங்கினால் முக்குளிப்பானும் மீன்கொத்தியும் வருவதும் இயல்பே. இழந்தவை எவை, வந்தவை எவை, வந்தவை நிலைத்தனவா என்பதை உணர்ச்சிவயப்பட்ட வாதத்தால் தீர்க்க இயலாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்பவர்க்குப் பெரும்பாலும் முதியோர் நினைவே விடையாகிறது. நினைவு மதிப்புடையது, ஆயினும் விசாரணைக் கூடத்தில் அது எளிதில் மறுக்கப்படும். ஒரே மேட்டில் நின்று, ஒரே திசை நோக்கி, மாதந்தோறும் எடுத்த படங்களை மறுப்பது அவ்வளவு எளிதன்று.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. கைப்பேசியால் தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாக்கிக் காட்ட இயலாது என்பதும் ஒருவகையில் நன்மையே. பறவையோடு நீர்மட்டமும் கரையும் மரமும் வானமும் அப்படத்துள் வந்துவிடுகின்றன. பறவையின் கண்ணில் ஒளிரும் புள்ளியைவிட, அது நிற்கும் சேற்றின் அகலம் பின்னாளில் வருவோர்க்குப் பயன்படலாம். படத்தோடு நாள், நேரம், இடம், அன்றைய நீரின் அளவு ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். கூடு, குஞ்சு, அரிய உயிர் ஆகியவற்றின் சரியான இடத்தைப் பொதுவெளியில் சொல்லாதிருப்பது நன்று. பிடிப்பவரும் அதே செய்தியைப் படிக்கிறார்கள்.

பள்ளி ஒன்றின் மாணவர்கள் ஆடியில் தொடங்கினால் அடுத்த ஆடிக்குள் ஒரு வரிசை நிறைவு பெறும். ஒரு வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு தொடரலாம். அவ்வரிசையின் சில படங்களில் பறவையே இராது. வெடித்த சேறும், ஒதுங்கிய சீமைக்கருவேலமும், மேயும் ஆடுகளும் மட்டும் இருக்கும். அழகில்லை என்று அவற்றை நீக்கிவிடக்கூடாது. எந்த ஆண்டில் ஏரி எத்தனை மாதம் வறண்டு கிடந்தது என்பதை அப்படங்களே சொல்லும்.