வால்வு ஆம்ப்ளிஃபயரும் 'ஒரிஜினல்' வியாதியும்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வச்சிருக்கறவங்ககிட்ட பேசினா இந்த வசனம் கட்டாயம் வரும். "எல்லாமே ஒரிஜினல் சார், ஒரு ஸ்க்ரூ கூட கழட்டினதில்லை!" வாங்கறவங்களும் அதுக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கறாங்க. எனக்கு இதைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும்.

என்கிட்ட இருக்கறது குவாட் 2. இங்கிலாந்துல ஹண்டிங்டன்ல இருந்த பீட்டர் வாக்கரோட கம்பெனி 1953ல் கொண்டுவந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு சேனல்தான், ஸ்டீரியோ வேணும்னா ரெண்டு பெட்டி. ஒவ்வொண்ணும் 15 வாட். இன்னிக்குப் பசங்க வாங்கற ப்ளூடூத் ஸ்பீக்கர் அட்டையில இதைவிடப் பெரிய நம்பர் போட்டிருக்கும் :-) ஆனா நம்ம வீட்டு ஹாலுக்கு 15 வாட் தாராளம். ராத்திரி விளக்கை அணைச்சுட்டு காருகுறிச்சியார் நாதஸ்வரம் போட்டா, அடுத்த ரூம்ல உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கும். ட்ரான்சிஸ்டரைவிட இதுதான் துல்லியம்னெல்லாம் சண்டைக்கு வரமாட்டேன். வாக்கரே 1967ல் 303ங்கற ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தவர்தான்.

விஷயத்துக்கு வர்றேன். கடைசியில இருக்கற கேடி 66 வால்வுகளுக்கு சிக்னல் போற வழியில ஆளுக்கொரு கெப்பாசிட்டர் இருக்கு. பாட்டை விட்டுட்டு டிசி வோல்டேஜை மட்டும் தடுக்கறதுதான் அதோட வேலை. 60, 70 வருஷம் ஆச்சுன்னா அது கசிய ஆரம்பிக்கும். கசிஞ்சா வால்வோட கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், வால்வு கன்னாபின்னான்னு கரண்ட் இழுக்கும், உள்ளே இருக்கற தகடு செக்கச்செவேல்னு பழுத்துடும். (ஹீட்டரோட ஆரஞ்சு வெளிச்சம் வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ரசிச்சவங்க உண்டு!)

வால்வு போனா பரவாயில்லை. கேடி 66 இன்னிக்கும் சீனாவுலயும் ஸ்லோவாக்கியாவுலயும் செய்யறாங்க. ஆனா கூடவே அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் எரிஞ்சுட்டா? அந்தப் பெட்டியோட உயிரே அதுலதான் இருக்கு. வழக்கமா தகட்டுப் பக்கம் மட்டும் இருக்கற சுத்து, குவாட் 2ல கேத்தோடு பக்கமும் உண்டு. தெருமுனையில மோட்டார் காயில் கட்டற கடையில போய் "இதே மாதிரி சுத்திக் கொடுங்கண்ணே"ன்னு கேக்க முடியாது. சில்லறைக் காசு சாமானைக் காப்பாத்தப் போய் இதைப் பறிகொடுக்கணுமா?

"மாத்தினா அந்தப் பழைய ஒலி போயிடுமே"ம்பாங்க. எந்தப் பழைய ஒலி? 1953ல் வாக்கர் கேட்டது புத்தம்புது கெப்பாசிட்டரோட. கசியற கெப்பாசிட்டரோட நாம கேக்கறது அவர் கேக்கவே கேக்காத ஒலி.

அதனால கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்தினேன். ரெண்டு கேடி 66க்கும் பொதுவா இருக்கற 180 ஓம் ரெசிஸ்டர் எப்பவும் சூட்டுலயே கிடந்து மதிப்பு மாறிடும், அதையும்தான். எல்லாம் ரிச்சி தெருவுல ஒரே நடையில கிடைச்சது. பழக்கமில்லாதவங்க தயவுசெஞ்சு உள்ளே கை வைக்காதீங்க. 300 வோல்ட்டுக்கு மேல ஓடற பெட்டி, ஆஃப் பண்ணின பிறகும் உள்ளே சார்ஜ் தங்கியிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.

கழட்டின சாமானையெல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். என்னிக்காவது விக்கற மாதிரி வந்தா அதையும் சேர்த்தே கொடுத்துடுவேன். வாங்கறவர் ஒரிஜினல் பிரியரா இருந்தா ஷோகேஸ்ல வச்சுக்கட்டும்.