'பண்ணு' செய்த குற்றம் என்ன?

தமிழ் ஆய்வேடுகளைத் திருத்தும் சிவப்பு மை சில வினைச்சொற்களைக் கண்டால் தவறாமல் நின்றுவிடுகிறது. 'பண்ணு' அவற்றில் முதலாவது. 'போடு', 'அடி', 'விடு' ஆகியவை அடுத்தடுத்து வரும். 'களப்பணி பண்ணினார்' என்பது 'களப்பணி செய்தார்' ஆகிறது. 'பட்டியல் போட்டார்' என்பது 'பட்டியலிட்டார்' ஆகிறது. ஆய்வேட்டு நடைக்கு இது பொருந்தாது என்று சொல்லி நிறுத்தினால் அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் பலர் அத்துடன் நிறுத்துவதில்லை. இவை பொருளற்ற வினைகள், இவற்றைப் பயன்படுத்துவது சோம்பல், ஆங்கிலக் கலப்புக்கு இவையே வாசல் என்று மூன்று குற்றச்சாட்டுகள் இலக்கணத்தின் பெயரால் அடுக்கப்படுகின்றன. மூன்றுமே மொழிச் சான்றின் முன் நிற்கமாட்டா.

திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்து, கல்லூரியில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். தொடக்கப் பாடங்களிலேயே அவர் 'ஃபேர்' என்ற பிரெஞ்சு வினையைச் சந்திப்பார். அகராதி அதற்கு 'செய்' என்று பொருள் தரும். ஆனால் அவ்வினை அந்தப் பொருளுக்குள் அடங்கி நிற்பதில்லை. சமைப்பதற்கும் ஃபேர், படுக்கையை ஒழுங்குபடுத்துவதற்கும் ஃபேர், கடை முன் வரிசையில் நிற்பதற்கும் ஃபேர். வெப்பமாக இருந்தால் 'இல் ஃபே ஷோ'. இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்லவும், பத்தாண்டு ஆயிற்று என்று சொல்லவும், ஒருவர் இளமையாகத் தோன்றுகிறார் என்று சொல்லவும் அதே வினை. மற்றொரு வினையின் முன் வந்தால் அது பிறவினைப் பொருளைத் தரும்: 'வா' என்பதோடு சேர்ந்தால் 'வரவழை'. 'ஷாப்பிங்' என்ற ஆங்கிலப் பெயரைப் பிரெஞ்சு மொழி தன் தொடருக்குள் ஏற்றுக்கொள்வதும் 'ஃபேர் து ஷாப்பிங்' என்றுதான். இவற்றையெல்லாம் மாணவி மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், மதிப்பெண் பெறுகிறார். அது மொழியின் நுட்பம் எனப்படுகிறது. அதே மாணவி தமிழ்த் தாளில் 'சண்டை போட்டனர்' என்று எழுதினால் அது மட்டும் கொச்சை.

பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர்களும் கட்டுரையில் 'ஃபேர்' மிகுந்தால் வேறு வினையைத் தேடச் சொல்வதுண்டு. ஆனால் அது நடை பற்றிய அறிவுரை. அதற்கு இணையாக அங்கே விளக்க ஆய்வும் வளர்ந்தது. மோரிஸ் குரோஸ் 1968இல் பாரிசில் தொடங்கிய ஆய்வகம் பிரெஞ்சு வினைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்தத் தொடரமைப்பில் வரும், எதில் வராது என்பதைக் கூட்டல், கழித்தல் குறிகளால் அட்டவணைப்படுத்தியது. 1975இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த முறையை நிலைநிறுத்தியது. பெயரோடு சேர்ந்து அதை வினையாக்கும் ஃபேர் போன்றவற்றைப் பிரெஞ்சு மொழியியலார் 'தாங்கும் வினை' என்று அழைத்தனர். இதே வகையை டேனிய அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1942இல் ஆங்கிலத்தைப் பற்றி எழுதியபோது 'எடை குறைந்த வினை' என்று குறித்திருந்தார். முதற்பெயர் அவ்வினை ஆற்றும் பணியைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் அது இழந்ததாகக் கருதப்படும் பொருளைச் சொல்கிறது. தமிழ் வகுப்பறைகள் இரண்டாவது பெயரின் நிழலை மட்டும் எடுத்துக்கொண்டன.

இனி முதற்குற்றச்சாட்டு: இவை பொருளற்றவை. 'காப்பி போட்டாள்' என்றால் அடுப்பு நினைவுக்கு வருகிறது. 'காப்பி அடித்தாள்' என்றால் தேர்வறை நினைவுக்கு வருகிறது. 'காப்பி எடுத்தாள்' என்றால் நகலகம். எது பானம், எது நகல், எது திருட்டு என்று காட்டுவது முழுக்க வினைதான். தமிழ்நாட்டில் 'போன் எடு' என்றால் வந்த அழைப்பை ஏற்பது. இலங்கைத் தமிழில் 'கோல் எடு' என்றால் ஒருவரை அழைப்பது. பொருளில்லாத சொல்லால் திசை மாற்ற இயலாது.

இவற்றின் சேர்க்கைகளிலும் ஒழுங்கு உண்டு. மூச்சு, பெருமூச்சு, கண்ணீர், குறட்டை, கொட்டாவி, ஏப்பம் ஆகியவை 'விடு'வை ஏற்கின்றன: உடலிலிருந்து வெளியேறுபவை. அதே வழியில் வாயிலிருந்து ஊர் நோக்கி வெளியேறும் அறிக்கை, சவால், கதை ஆகியவையும் 'விடு'வையே நாடுகின்றன. வெயில், காற்று, வாடை, காய்ச்சல் ஆகியவை 'அடி'யை ஏற்கின்றன: வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ உடம்பைத் தாக்குபவை. பசியும் தாகமும் 'எடு'க்கின்றன. கவலை, வெட்கம், பொறாமை, ஆசை ஆகியவை 'படு'வோடு வரும். ஆனால் அன்பு 'கொள்'வோடு வரும். 'அன்புப்படு' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை, யாரும் கற்பிக்காமலேயே. கற்பிக்கப்படாத ஒழுங்கு ஒன்று இத்தனை பேரிடம் பிசகாமல் நிற்குமானால், அதற்குத்தான் இலக்கணம் என்று பெயர்.

இரண்டாவது குற்றச்சாட்டு: சோம்பல். 'உதவினார்' என்ற ஒற்றை வினை இருக்க 'உதவி செய்தார்' எதற்கு என்று கேட்கப்படுகிறது. விடை எளிது. 'பெரிய உதவி செய்தார்', 'இரண்டு உதவிகள் செய்தார்', 'கேட்ட உதவியைச் செய்யவில்லை' என்றெல்லாம் சொல்ல முடிவது அங்கே ஒரு பெயர் இருப்பதால். பெயருக்கு அடை கொடுக்கலாம், எண்ணிக்கை கொடுக்கலாம், அதைத் தொடரின் முன்னுக்குக் கொண்டுவரலாம். 'உதவினார்' என்பதில் இவற்றுக்கு நேரடி வழியில்லை. 'தூங்கினார்' என்பதும் 'ஒரு குட்டித் தூக்கம் போட்டார்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் தொடக்கமும் முடிவும் உண்டு. தூங்குபவரின் விருப்பமும் உண்டு. மயக்கத்தில் கிடக்கும் நோயாளி தூக்கம் போட்டார் என்று யாரும் சொல்வதில்லை. மதியத் தூக்கத்தைப் பிரெஞ்சும் 'ஃபேர்' கொண்டே சொல்கிறது. இத்தனை வேறுபாட்டை ஒரு சிறு வினை சுமக்கும்போது அதைப் பயன்படுத்துபவரைச் சோம்பேறி என்பது, சுமையைப் பார்க்காதவரின் சோம்பல்.

மூன்றாவது: ஆங்கிலக் கலப்பின் வாசல். 'டிசைட் பண்ணு', 'ஷேர் பண்ணு' போன்றவை பெருகியுள்ளன என்பது உண்மை. முடிவு, பகிர்வு என்ற சொற்கள் கைவசம் இருக்க, அவற்றைக் கைவிடுவது இழப்பு என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறை 'டிசைட்' என்ற சொல்லின் வரவில் உள்ளது, 'பண்ணு'வில் இல்லை. 'முடிவு பண்ணு' என்பதிலும் அதே 'பண்ணு' தூய தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த வாசல் ஆங்கிலேயர் வந்தபின் திறந்ததும் அன்று. வைணவ உரையாசிரியர்களின் மணிப்பிரவாளத்தில் 'உபதேசம் பண்ணி' என்பது போன்ற தொடர்கள் இயல்பாகப் புழங்கின. அன்று வடமொழிப் பெயருக்கு இடம் கொடுத்த வினையே இன்று ஆங்கிலச் சொல்லுக்கு இடம் கொடுக்கிறது. இந்தியின் 'கர்னா', பாரசீகத்தின் 'கர்தன்', ஜப்பானியத்தின் 'சுரு' ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. பிறமொழிச் சொற்களைக் கட்டுப்படுத்த 1994இல் தூபோன் சட்டம் இயற்றிய பிரான்சு, 'ஃபேர்' மீது வழக்குத் தொடுக்கவில்லை.

மூன்றும் விழுந்தபின் எஞ்சுவது என்ன? அதை 'இடு' காட்டிக்கொடுக்கிறது. கையொப்பமிடு, கூச்சலிடு, முத்தமிடு, கட்டளையிடு, சண்டையிடு என்று எழுத்துத் தமிழ் தயங்காமல் பயன்படுத்தும் 'இடு'வும், பேச்சின் 'போடு'வும் ஒரே அமைப்பு, ஒரே வேலை. பெயரை வினையாக்குவதுதான் குற்றம் என்றால் 'இடு'வும் குற்றவாளி. அதை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஏனெனில் அது மேடையில் பேசப்படுவது, 'போடு' அடுக்களையிலும் கடைத்தெருவிலும் பேசப்படுவது.

திருவனந்தபுரத்தில் இந்தப் படிநிலை தலைகீழாகிறது என்பதே இதன் செயற்கைத் தன்மைக்குச் சான்று. இங்குள்ள மலையாளி தேநீர் போடுவதை 'சாய இடுக' என்கிறார். சட்டை அணிவதற்கும் 'இடுக'. தமிழில் புலமையின் அடையாளமான வினை மலையாளத்தில் அன்றாடப் புழக்கம். மலையாளத்தில் 'ஒப்பிடுக' என்றால் கையெழுத்துப் போடுவது. தமிழில் 'ஒப்பிடுக' என்றால் இரண்டைச் சீர்தூக்கிப் பார்ப்பது.

'பண்ணு'வின் கதை இன்னும் கடுமையானது. யாழ் வாசிப்பின் எட்டு வகைத் தொழில்களில் முதலாவதைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி 'பண்ணல்' என்கிறது. அவ்வளவு மதிப்போடு வாழ்ந்த வினை, இன்றைய மலையாளத்தில் பொது இடத்தில் உச்சரிக்க முடியாத வசைச்சொல். நாகர்கோவிலில் வெள்ளந்தியாகப் புழங்கும் வினையை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளித் திருவனந்தபுரத்தில் தமிழர் நாக்கைக் கடித்துக்கொண்டு சொல்லவேண்டியிருக்கிறது. பிரெஞ்சிலும் இப்படி ஒன்று உண்டு: முத்தமிடுவதைக் குறித்த 'பெஸே' என்ற வினை இன்று ஆபாசப் பொருளுக்குச் சரிந்துவிட்டது, பெயர்ச்சொல்லாக மட்டும் மானத்தோடு வாழ்கிறது. சொல்லின் மதிப்பைத் தீர்மானிப்பது யார் நடுவில் பேசப்படுகிறது என்பதே. அந்த மதிப்பீட்டை இலக்கணப் பிழை என்று பெயர் மாற்றுவதுதான் இங்கு நடக்கும் தவறு.

இதை உணர்த்தவேண்டிய மரபு இதே நகரத்தில் இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் புறநானூற்றுச் சொல்லடைவை இலக்கணக் குறிப்புகளோடு உருவாக்க, அதைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. 1971இல் திராவிட மொழியியற் கழகம் இங்கே தொடங்கப்பட்டது. கு. பரமசிவம் தமிழ்வினைகளின் தன்வினை, பிறவினை அமைப்பை ஆராய்ந்த நூலை அக்கழகமே 1979இல் வெளியிட்டது. 'வந்துவிட்டான்', 'உடைத்துப்போட்டான்' போன்றவற்றின் துணைவினைகளை ஆராய்ந்த இ. அண்ணாமலையின் நூலும் 1985இல் அக்கழகத்தின் வெளியீடாகவே வந்தது. இவர்களுக்கு 'விடு'வும் 'போடு'வும் திருத்தப்படவேண்டிய கறைகளாகத் தோன்றவில்லை. விளக்கப்படவேண்டிய அமைப்புகளாகத் தோன்றின. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் இத்தகைய வினைகளைப் பொருள் பொருளாகப் பிரித்துக் காட்டியது. இந்நூல்களை மேற்கோள் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அவற்றின் அணுகுமுறைக்கு நேர்மாறாகத் திருத்தம் போடுவது முரண்.

இழப்பு யாருக்கு என்பதையும் சொல்லவேண்டும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவருக்கு, 'போடு'வின் சேர்க்கைகள் தரப்படாவிட்டால் ஒரு கடையில்கூடப் பேசமுடியாது. கேரளத்தில் சிறுபான்மையாக வாழும் தமிழ்க் குழந்தைக்கு, வீட்டுத் தமிழ் தமிழ்த் தாளில் பிழை, வெளியில் நகைப்பு என்றால், அது பேசாமலிருக்கக் கற்றுக்கொள்ளும். வட்டார வழக்கை ஆராயும் மாணவருக்கு நேர்வது இன்னும் மோசம்: தகவலாளி சொன்ன தொடரே திருத்தப்படும்.

வேண்டுவன எளியவை. நடைக்குறிப்பும் பிழைத்திருத்தமும் வெவ்வேறு என்பது மதிப்பெண்ணில் தெரியவேண்டும். எந்தப் பெயர் எந்த வினையை ஏற்கும், எதை ஏற்காது என்ற அட்டவணை முதுகலை மாணவரின் கையில் இருக்கவேண்டும். பேச்சுத் தமிழும் இலங்கை, நாஞ்சில் வழக்குகளும் அதில் இடம்பெறவேண்டும். களப்பதிவில் ஒரு மூதாட்டி 'பண்ணுனேன்' என்று சொல்லியிருந்தால் ஆய்வேட்டிலும் 'பண்ணுனேன்' என்றே இருக்கவேண்டும். அதைச் 'செய்தேன்' என்று மாற்றும் பேனா நடையைத் திருத்தவில்லை, சான்றை அழிக்கிறது.