புது பிரேக்கும் கோணல் ஓட்டமும்

வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "காரின் முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் போட்டு ஒரு வாரம் ஆகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்வரவே பயமாயிருக்கிறது. பட்டறையில் கேட்டால், 'புதுசு அம்மா, ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார்கள். வீட்டிலோ, 'உனக்கு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை' என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் பயம்தான் சரி!

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கமாகப் போகிறோம். வண்டி வலப்பக்கம் இழுத்தால் எதிரே வரும் லாரியின் முகத்தில் போய் நிற்கும். இடப்பக்கம் இழுத்தாலோ சாலையோரப் புளியமரம் காத்திருக்கிறது. சைக்கிளில் போகிறவரும் இருக்கிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் காரியம் மிஞ்சிவிடும். ஆகையால் இந்தக் கோளாறு தீரும்வரை அந்தக் காரில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

புது பிரேக் படிய நாளாகும் என்பது உண்மையே. அதுவரை பெடலைச் சற்றுக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் அந்தக் குறை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறதென்றால், அது படியாத பிரேக்கின் குணம் அல்ல. வேலையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எது விட்டுப்போயிற்று என்று பார்ப்பதற்கு முன், ஒரு சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரட்டை மாட்டு வண்டியில் வலத்து மாட்டின் கயிற்றை மட்டும் இழுத்துப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? வலப்பக்கந்தான். அந்த மாடு நின்றுவிடுகிறது, மற்றது நடக்கிறது. காரும் அப்படியே. வலப்பக்கம் இழுக்கிறது என்றால் வலச் சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, இடச் சக்கரம் சும்மா ஓடுகிறது என்று அர்த்தம். இழுக்கிற பக்கத்தைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி, சாதுவாக இருக்கும் மறுபக்கந்தான்!

அடைபட்ட திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். கார் பிரேக்கின் தத்துவமும் அதுதான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் இரு பக்கமும் ஒரே பலத்துடன் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் சேரவில்லை என்றால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

முதலாவது, குழாயில் சிக்கிய காற்று. திரவம் அமுங்காது, காற்று அமுங்கிவிடும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் இதைச் சந்தேகியுங்கள். மெக்கானிக் காற்றை வெளியேற்றி ஆயில் நிரப்பினால் சரியாகும்.

இரண்டாவது, பேடில் பட்ட கிரீஸ் அல்லது ஆயில். எண்ணெய்க் கையால் குடத்தைத் தூக்கிப் பாருங்கள், வழுக்கும். அதே கதைதான். ஊறிப்போன பேடை உப்புத்தாளால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இரு பக்கமும் ஜோடியாக, ஒரே கம்பெனிச் சரக்காக வாங்குங்கள். சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலை தொடங்கியதே 1962-ல். நல்ல சாமானுக்கு இன்று பஞ்சமில்லை.

மூன்றாவது, ஜாம் ஆன கேலிப்பர். புதுப் பேட் தடிமனாக இருப்பதால், பழைய பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டுவார்கள். துருப்பிடித்த பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கேலிப்பர் நகரும் பின்களும் காய்ந்து இறுகியிருக்கலாம்.

நான்காவது, ரப்பர் ஹோஸ். வேலை செய்யும்போது கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டால் அது உள்ளுக்குள் சேதப்பட்டு அடைத்துக்கொள்ளலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பின் சக்கரத்து டிரம் பிரேக்கையும் தொட்டிருந்தால், இரு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் வைத்திருக்கிறார்களா, ஷூக்களை முன்பின்னாக மாட்டிவிட்டார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பட்டறைக்குப் போகுமுன் நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன? முதலில், நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சமதரையில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெதுவாக பிரேக்கை மிதியுங்கள். மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா, மிதிக்காதபோதும் இழுக்கிறதா? இதுதான் முக்கியமான கேள்வி.

மிதிக்கும்போது மட்டும் என்றால், மேலே சொன்னபடி எதிர்ப்பக்கச் சக்கரத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்காதபோதும் இழுத்தால், வண்டியை நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு முன் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் வீசி, கருகல் வாசனையும் வந்தால், அந்தச் சக்கரத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இழுக்கிற பக்கமே குற்றவாளி. இரண்டும் சூடில்லாவிட்டால் வீல் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு உயர்ந்து, ஓரம் தாழ்ந்திருக்கும். ஓரமாகப் போகும் கார் சற்றே இடப்பக்கம் நகர்ந்தால் அது சாலையின் சாய்வு. பிரேக்கின் தப்பு அல்ல.

'என் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறதே' என்கிறீர்களா? சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காக்கும். பிடிக்காத பிரேக்கைப் பிடிக்கவைக்க அதனால் ஆகாது. அவசரத்துக்கு வேறு எண்ணெய் எதையும் பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் உப்பிப்போய் இருக்கிற பிரேக்கும் போய்விடும். எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும்.

பட்டறையில், 'வண்டி சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'மிதித்தால் மட்டும் வலப்பக்கம் இழுக்கிறது, சக்கரம் சுடவில்லை, பெடல் பஞ்சுபோல் இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக் உடனே ஜாக்கியை எடுப்பார். வேலை முடிந்ததும் அவரையே ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நேராக நின்ற பிறகே பணத்தைக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: மழைக்காலத்தில் கண்ணாடியை மறைக்கும் ஆவிக்கு என்ன உபாயம்?