நானே கொன்றேன் என்பவர்கள்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் நம் கடற்கரைக்கு இன்று ஜப்பானியர் சிற்பங்களைக் காண வருகின்றனர். செங்கல்பட்டு வட்டாரத் தொழிற்சாலைகளில் பொறியாளர்களாகவும் இருக்கின்றனர். 1942 ஏப்ரலில் நிலைமை வேறு. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய செய்தி கேட்டு, அடுத்தது நம் கரைதான் என அஞ்சிய சென்னை மக்கள் திரள் திரளாக வெளியூர்களுக்குப் பெயர்ந்தனர். 1943 அக்டோபரில் சென்னையிலும் குண்டு விழுந்தது.

அந்தக் குண்டுவீச்சைப் பின்னணியாகக் கொண்டு 1954-இல் வெளிவந்த படமே எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. மதரஸா ஆசிரியனுக்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று கேட்போர் சற்றே பொறுத்தருள்க. அதில் சாட்சியம் பற்றிய செய்தி இருக்கிறது. ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்ற வானொலிப் பொறியாளன் ராஜன் கொல்லப்படுகிறான். விசாரணையில் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகின்றனர். உடன்பிறந்தவன் தன் மனைவி மீதே ஐயம் கொள்கிறான்!

இப்படத்துக்குத் தூண்டுதல், அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950). ஆனால் அங்கே நடப்பது நேர்மாறானது. காட்டில் ஒரு கொள்ளைக்காரன் ஒரு பெண்ணின் கற்பைச் சூறையாடுகிறான். அவள் கணவனான சாமுராய் வீரன் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன், "வாட்போரில் நானே கொன்றேன்" என்கிறான். மனைவியோ, தன் கையிலிருந்த குத்துவாளே கணவன் மார்பில் பாய்ந்திருக்க வேண்டும் என்கிறாள். குறி சொல்பவள் வாயிலாகப் பேசும் இறந்தவன், தானே தன்னை மாய்த்துக்கொண்டதாகக் கூறுகிறான். கொலைப்பழியை மூவருமே விரும்பி ஏற்கின்றனர்! தண்டனைக்கு அஞ்சாதவர்கள் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? கோழை என்ற பெயர் வரக்கூடாது. கைவிடப்பட்டவள் என்ற இழிவு வரக்கூடாது. உயிரைவிட முகத்தைப் பெரிதாய் மதித்த ஒரு சமூகத்தின் உள்மனம் இது. மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டியோ, அவ்விரு ஆண்களும் கைகால் நடுங்கச் சண்டையிட்டதாகச் சொல்கிறான்.

அப்படத்தில் நீதிபதியின் முகம் காட்டப்படுவதே இல்லை. சாட்சிகள் நம்மை நோக்கியே பேசுகின்றனர். கணவன் மனைவி வழக்கு வரும்போது நம் ஜமாஅத் பெரியவர்கள் அமரும் இடமும் அதுதான். அங்கும் பலர் தண்டனைக்கு அஞ்சிப் பொய் பேசுவதில்லை. குடும்ப மானத்துக்கு அஞ்சியே பேசுகின்றனர்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். கொடுமைக்கு ஆளானவள் அப்பெண். ஆறுதல் தேடிக் கணவனைப் பார்க்கிறாள். அவன் கண்களில் வெறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள். அவள் சொன்னவற்றுள் இது ஒன்று பொய்யாக இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. குற்றவாளியைத் தேடுவதற்கு முன்பே பாதிக்கப்பட்டவள் முகத்தைப் பார்க்க மறுக்கும் கண்கள் ஜப்பானில் மட்டுமா உள்ளன? "வெளியே தெரிந்தால் நம் வீட்டுக்கு என்ன பெயர்?" என்று ஒரு தாயே மகளின் வாயை அடைக்கும்போது, அந்தப் பார்வைதானே வேலை செய்கிறது?

விறகுவெட்டியும் முழு உண்மை சொன்னவனல்லன். விலைமிக்க அந்தக் குத்துவாளை எடுத்துக்கொண்டவன் அவனே என்று குறிப்பாக உணர்த்தப்படுகிறது. வீட்டில் ஆறு பிள்ளைகள், வறுமை. இறுதியில், பாழடைந்த நகர வாயிலில் யாரோ விட்டுச்சென்ற பச்சிளங் குழந்தையைக் கையில் ஏந்துகிறான். குழந்தையின் துணியையும் பறிக்க வந்தானோ என ஒரு துறவி முதலில் ஐயுறுகிறார். "ஆறோடு ஏழாக வளரட்டும்" என்ற பொருள்பட ஏதோ கூறிவிட்டு, மழை நின்ற தெருவில் குழந்தையுடன் அவன் வீடு நோக்கி நடக்கிறான்.