மூன்று எழுத்து மோகம்
எச்.டி.ஆர். என்ற மூன்று எழுத்துக்கள் அட்டைப் பெட்டியில் இருந்துவிட்டால் போதும், நம்மவர்கள் சில ஆயிரங்களைக் கூடுதலாக எண்ணி வைக்கத் தயாராகிவிடுகிறார்கள். அந்த எழுத்துக்கள் எதற்கு உறுதி சொல்கின்றன என்று கேட்பாரில்லை.

'வெசா' என்ற தர நிர்ணய அமைப்பு 2017-இல் ஏற்படுத்திய வரிசையில் கீழ்ப்படி 400. அதாவது, உச்ச வெளிச்சம் 400 நிட். 2024-இல் வர்ண விதிகளை இறுக்கினார்கள், வாஸ்தவம். ஆனால் திரைக்குப் பின்னாலுள்ள விளக்கைப் பகுதி பகுதியாக அடக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் படிக்கு இல்லை. வீடு முழுவதற்கும் ஒரே ஸ்விட்ச்! கூடத்தில் விளக்கைப் போட்டால் படுக்கையறையிலும் எரியும். நிலாவைப் பிரகாசமாக்கினால் இரவு வானமும் சாம்பல் பூசிக்கொள்ளும். ஒளியும் இருளும் அருகருகே நிற்பதற்குத்தானே ஐயா எச்.டி.ஆர்.! முலாம்கூடப் பூசாத பித்தளையைப் பொன் என்று விற்கும் துணிச்சல் இது.

அசல் வேண்டுமென்றால், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையை வாங்குங்கள். அல்லது நூற்றுக்கணக்கான பகுதிகளாக விளக்கு அடங்கும் திரையை வாங்குங்கள். கைப்பணம் போதாதா? அந்த மூன்று எழுத்தை மறந்துவிட்டு, நீங்கள் நாள் முழுதும் படிக்கப்போகிற எழுத்தைக் கவனியுங்கள். 4கே என்றால் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 27 அங்குலத் திரையில் அவை அங்குலத்துக்கு 163, 32-இல் 138, 43-இல் 102தான். பெரிசு பெரிசு என்று 43 அங்குலத்தைச் சுமந்து வருகிறவர், பழைய 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் 92-ஐவிடப் பத்தே புள்ளி அதிகம் சம்பாதித்திருக்கிறார்!

கடைக்காரர் நிலாப் படம் காட்டுவார். காட்டட்டும். பிறகு ஒரு பக்கம் தமிழைப் போடச் சொல்லி, 'ண'வின் சுழிகளை எண்ணிப் பாருங்கள்.