தண்டோரா போட இன்னொரு ஆள் தேடாதீர்கள்

'சமுதாய வானொலி தொடங்கப் போகிறோம்' என்று எங்கள் ஒன்றியத்தில் எங்கே போய்ச் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, 'எந்தச் சமுதாயத்துக்கு?' என்பதுதான். குழுவில் சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழிகாட்டு நெறிமுறைகளை எழுதிய டெல்லி அதிகாரிகளைவிட, அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நம் கிராமத்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று கிடக்கிற இடத்தில், எல்லோருக்கும் ஒரே சமுதாயம் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டு தொடங்கும் எதுவும் கடைசியில் ஊருக்குத்தான் போய்ச் சேரும்.

தன்னார்வலர்கள் நடத்தும், லாப நோக்கமற்ற வானொலி ஒன்றைத் தொடங்கக் கூடியிருக்கும் குழுவில் நானும் ஒரு ஆள். அது வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அந்தப் பொதுச் சொத்தில் ஒரு துண்டைப் பொதுமக்களுக்குக் கொடுக்க அரசு அவசரப்படவில்லை. முதலில் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி வந்தது. தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்ற கதவு 2006-ன் கடைசியில்தான் திறந்தது. இன்றும் தமிழ்நாட்டின் சமுதாய வானொலிகளில் பெரும்பகுதி கல்லூரி வளாகங்களுக்குள்தான் இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை போன்றவை விதிவிலக்குகள்.

தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. அமைப்பு பதிவு செய்யப்பட்டு மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் நம் பக்கத்தில் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கோடு அறக்கட்டளை வைத்திருப்பவர் யார்? கல்லூரி நடத்துகிறவர், மில் வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற அதிகாரி. கூலி வேலை செய்கிற தெருவில் சங்கம் இருக்கும், போராட்டம் இருக்கும், வழக்கு எண்கூட இருக்கும். ஆடிட்டர் இருக்க மாட்டார். அதனால் உரிமம் யார் பெயரில் என்ற முதல் அடியிலேயே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது இடம். எங்களுக்கு ஒரு பெரியவர் கோயில் தெருவில் இருக்கும் தன் வீட்டு மாடியை இலவசமாகத் தர முன்வந்தார். 'ஒரே ஒரு வேண்டுகோள், சாதியைப் பற்றி மட்டும் பேசாதீங்க' என்றார். அந்தத் தெருவில் செருப்போடு நடக்க யோசிக்கிற ஒரு அம்மா, மாடியேறி வந்து மைக் முன்னால் எதைப் பேசுவார்? இந்த வாடகையில்லாத இடத்துக்கு நாம் கொடுக்கும் வாடகை, நம் வாய்.

அதற்கடுத்து 'தன்னார்வம்'. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் முற்போக்கு நண்பர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. சம்பளமில்லாமல் வாரத்துக்குப் பத்து மணி நேரம் கொடுக்க யாரால் முடியும்? அப்பா பணத்தில் படிப்பவரால், பென்ஷன் வாங்குபவரால் முடியும். நாற்று நடப் போகிற பெண்ணால், கட்டட வேலைக்குப் போகிற பையனால் ஒரு நாள் கூலியை இழந்துதான் முடியும். லாப நோக்கமற்றது என்றால் கூலியற்றது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2024-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம்; அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் கிடைக்கும். சொற்பம்தான். ஆனாலும் அதில் முதல் செலவு, மைக் முன் உட்காருகிறவரின் அன்றைய கூலியாக இருக்க வேண்டும்.

கூலியில்லாமல் செய்தி சொல்லும் வேலை எங்களுக்குப் புதிதல்ல. இந்த நாட்டுக் கிராமங்களின் முதல் ஒலிபரப்பாளர்கள் நாங்கள்தான். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சாவையும் ஏலத்தையும் வரி வசூலையும் அறிவித்தவர்கள் என் தாத்தாவின் தலைமுறை. குரல் எங்களுடையது, செய்தி அவர்களுடையது. தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதிக்கும்படி தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத 2022 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது சேரிப் பிள்ளைகள் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைய, நிகழ்ச்சிப் பட்டியலை ஊர்க்காரர்கள் மாடியில் உட்கார்ந்து முடிவு செய்தால், அதற்குப் பெயர் சமுதாய வானொலி அல்ல. எஃப்.எம். தண்டோரா.

'யூடியூப் இருக்கும்போது வானொலி எதற்கு?' என்று கேட்கலாம். யூடியூபில் நாம் பேசுவதை நம் ஆட்களே பார்க்கிறோம், நம் ஆட்களே லைக் போடுகிறோம். நூறு வாட் டிரான்ஸ்மிட்டர் பத்துக் கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் போகலாம். ஆனால் அந்த வட்டத்துக்குள் அது ஊர்த்தெரு, காலனி என்று பார்க்காது. எங்கள் கால் நுழையக் கூடாத கூடத்துக்குள் எங்கள் குரல் அனுமதி கேட்காமல் நுழையும். கோயில் ஒலிபெருக்கி இத்தனை காலமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி!

செய்தி வாசிக்க நமக்கு உரிமையில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டுமே ஒலிபரப்பலாம். பக்கத்துத் தெருவில் நடந்த வன்கொடுமையை அந்தத் தெருவின் வானொலி செய்தியாகச் சொல்ல முடியாது என்பது அயோக்கியத்தனம், அதை எதிர்த்தே ஆக வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது என்பது செய்தி அல்ல, சட்டக் கல்வி. கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியல்லாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தினமும் காலை ஏழு மணிக்குச் சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முடியுமா என்று கேட்பவர்கள் தெலங்கானாவின் மாச்சனூரைப் பார்க்கட்டும். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் உரிமம் கிடைக்காத பல ஆண்டுகள் நிகழ்ச்சிகளை நாடாவில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15-ல் அவர்களுடைய சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. விதைகளைப் பற்றி, மண்ணைப் பற்றி அவர்களே பேசினார்கள். யாரும் அவர்களுக்காகப் பேசவில்லை.

இதுவும் புதிய பாடம் அல்ல. 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1920-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. நூறு ஆண்டு கழித்தும் என்ன மாறியது? 2019-ல் ஆக்ஸ்ஃபாம் - நியூஸ்லாண்ட்ரி ஆய்வு, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளை எண்ணியது. 106-ல் உயர்சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

ஆகவே, வானொலி தொடங்கத் துடிக்கும் தோழர்களே, ஆன்டெனா விலை கேட்பதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிலையம் சேரியில் இருக்கும்; வேண்டுமானால் ஊர் அங்கே நடந்து வரட்டும். நிகழ்ச்சிக் குழுவில் தலித்துகள் பெரும்பான்மை, அதில் பாதிப் பேராவது பெண்கள். வேலை செய்கிறவருக்குக் கூலி உண்டு. சாவியும் பதிவுகளும் அந்தத் தெருவின் பொறுப்பில் இருக்கும். நிலையத்தின் நிர்வாக அமைப்பு அது சேவை செய்யும் மக்களைப் பிரதிபலிக்க வேண்டும் என்று 2006-ன் நெறிமுறையே சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, விதி.

இதற்கு ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் தாராளமாக ஒரு ஒலிபெருக்கி வாங்கிக் கோயிலில் கட்டிக்கொள்ளலாம். அதற்கு எங்கள் குரல் தேவைப்படாது.